வெறும் புல்தானே? – நீலகிரியைப் பார்த்தவர்களின் இருநூறு ஆண்டுக் கதை

ஊட்டிக்குப் போய் வந்தவரிடம் "என்னவெல்லாம் பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். படகு இல்லம், தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, மலை ரயில் என்று அடுக்குவார். கொஞ்சம் இயற்கை ஆர்வம் உள்ளவர் என்றால் அவலாஞ்சி பக்கம் போனதையும், சோலைக்காட்டு ஓரத்தில் சிரிப்பான் பறவையைக் கேட்டதையும், சிவப்பாகப் பூத்திருந்த ரோடோடென்ட்ரான் மரத்தையும் சேர்த்துச் சொல்வார். ஆனால் "புல் பார்த்தோம்" என்று சொல்பவர் ஒருவரும் இருக்க மாட்டார்!

இது இன்றைய சுற்றுலாப் பயணியின் குறை மட்டும் அல்ல. நீலகிரிக்குப் பறவை பார்க்க, பூ பார்க்க, காடு பார்க்க வந்தவர்களின் வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கு நீள்கிறது. அவர்களில் பலர் அபாரமான கண் உடையவர்கள். மலையில் இருந்த ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தார்கள், படம் வரைந்தார்கள், புத்தகம் போட்டார்கள். அவர்கள் நடந்து போன புல்வெளி மட்டும் அரசாங்கக் கணக்கில் "தரிசு" என்று பதிவானது. தரிசு என்று எழுதப்பட்ட நிலத்துக்கு என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கதை.

பூவின் பெயரில் ஒரு நிலம்

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பிரித்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு தாவரத்தின் பெயரை வைத்தார்கள் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்த செய்தி. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார். தேர்வுக்காக மனப்பாடம் செய்து அவதிப்பட்டவர்களுக்கு அது ஒரு நீண்ட பட்டியல். ஆனால் யோசித்துப் பார்த்தால், மலையில் நடந்து பூக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இங்கே எவ்வளவு பழையது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

குறிஞ்சிச் செடியைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு. விதை முளைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இலையும் தண்டுமாக வளரும். பிறகு ஒரு பகுதியில் உள்ள செடிகள் எல்லாம் ஒரே பருவத்தில் பூக்கும். விதை போட்டதும் செத்துப்போகும். பழனி மலையின் பளியர்கள் தங்கள் வயதையே குறிஞ்சிப் பூப்பை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று சொல்வதுண்டு.

பலர் கவனிக்காத இன்னொரு செய்தி இருக்கிறது. குறிஞ்சி செழித்துப் பரவுவது அடர்ந்த காட்டுக்குள் அல்ல. சரிவுகளை மூடிய திறந்த புல்வெளிதான் அதன் இடம். அதாவது, மலைக்கே பெயர் கொடுத்த பூ ஒரு புல்வெளிச் செடி! இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

மலை எப்படி இருந்தது?

நீலகிரியின் உயரமான பகுதிகளில், சுமார் 1,800 மீட்டருக்கு மேலே, இயற்கையான நிலம் இரண்டு விதமாக இருக்கும். மலைச் சரிவுகளும் முகடுகளும் புல். மடிப்புகளிலும் நீரோடைகளை ஒட்டிய பள்ளங்களிலும் குட்டையான, நெருக்கமான, பாசி படர்ந்த மரங்கள் கொண்ட காடு. இந்தக் காட்டுக்குப் பெயர் சோலை. தமிழ்ச் சொல்லான சோலையை ஆங்கிலேயர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்றும் உலகம் முழுக்க அறிவியல் கட்டுரைகளில் "ஷோலா" என்றுதான் எழுதுகிறார்கள்.

புல்லும் சோலையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் நடுவே கத்தியால் வெட்டினாற்போல ஓர் எல்லை இருக்கும். இரவில் திறந்த புல்வெளியில் உறைபனி விழும். சோலை மரங்களின் கன்றுகள் அதைத் தாங்காமல் கருகிவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியமான காரணம். மழை பெய்தால் புல்வெளியும் சோலையும் சேர்ந்து தண்ணீரைப் பஞ்சு போலப் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல ஓடைகளில் விடும். பவானிக்கும் மாயாற்றுக்கும் தண்ணீர் இப்படித்தான் போகிறது.

இந்த மலையில் தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகியோர் வாழ்ந்தார்கள். தோடர்களின் வாழ்க்கை முழுவதும் எருமையைச் சுற்றியது. எருமை என்றால் புல். கோயில்களுக்கும் வீடுகளுக்கும் கூரை வேய அவர்கள் தேடிப்போவது சதுப்பான இடங்களில் வளரும் 'அவ்ஃபுல்' என்ற குறிப்பிட்ட ஒரு புல்லை. அவர்களுக்குப் புல்வெளியின் ஒவ்வொரு குன்றும் ஓடையும் பெயர் உள்ளவை. பல குன்றுகள் தெய்வங்களின் இருப்பிடங்கள். 1603-ல் மலபாரிலிருந்து மலையேறி வந்த ஃபினிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் தோடர்களைச் சந்தித்து எழுதி வைத்தார். அதன் பிறகு சுமார் இருநூறு ஆண்டுகள் ஐரோப்பியர் இந்த மலையைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கலெக்டர் வந்தார்

1819 ஜனவரியில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். சமவெளியின் வெயிலில் வெந்துபோயிருந்த ஆங்கிலேயருக்கு இந்தக் குளிரும் பசுமையும் ஒரு பெரிய அதிசயம். 1822-ல் உதகையில் சல்லிவன் கல் வீடு கட்டத் தொடங்கினார். ஏரி வந்தது, ஐரோப்பியக் காய்கறிகள் வந்தன, பங்களாக்கள் வந்தன. சல்லிவனைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாமே மலையில் ஏராளமான நிலம் வைத்திருந்தவர் என்றாலும், நிலம் தோடர்களுக்குச் சொந்தமானது, எடுத்துக்கொண்டால் ஈடு கொடுக்க வேண்டும் என்று தம் அரசாங்கத்தோடு வாதாடியவரும் அவர்தான்.

வந்தவர்களின் கண்ணில் பட்டது என்ன? தங்கள் ஊர். உருண்டு திரண்ட பச்சைக் குன்றுகளைப் பார்த்ததும் தென் இங்கிலாந்தின் மேய்ச்சல் குன்றுகள் நினைவுக்கு வர, அவற்றுக்கு வழங்கும் "டவுன்ஸ்" என்ற சொல்லையே இங்கும் வைத்தார்கள். உதகையை அடுத்த பெரும் புல்வெளிக்குப் பிற்காலத்தில் சென்னை கவர்னர் ஒருவரின் பெயரைச் சேர்த்து "வென்லாக் டவுன்ஸ்" என்றார்கள். காட்டுக்குத் தமிழ்ப் பெயர் நிலைத்தது. புல்லுக்கு இங்கிலாந்துப் பெயர் விழுந்தது. குதிரைச் சவாரிக்கும் வேட்டைக்கும் நல்ல மைதானம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் அவர்களுக்குத் தெரியவில்லை.

பூக்களை வரைந்த ரங்கையாவும் கோவிந்துவும்

மலைக்கு வந்த ஆங்கிலேயர் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. ராபர்ட் வைட் ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியில் சர்ஜனாக 1819-ல் இந்தியா வந்து, 1853-ல் ஊர் திரும்பியவர். மருத்துவம் வேலை, தாவரவியல் உயிர். நீலகிரியின் செடிகளுக்கென்றே 1846-க்கும் 1851-க்கும் இடையில் ஒரு படத்தொகுப்பை வெளியிட்டார். இந்தியத் தாவரங்கள் பற்றிய அவருடைய பெரிய நூலில் மட்டும் 2,101 படத் தகடுகள்.

அந்தப் படங்களை வரைந்தவர்கள் யார்? இரண்டு இந்திய ஓவியர்கள். முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து. ஒரு பூவின் சூலகத்தைக் குறுக்கே வெட்டி, உள்ளே எத்தனை அறை, எத்தனை விதை என்பது வரை வரைய வேண்டும். கை நடுங்கினால் அறிவியலே தவறிப்போகும். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட ஓவியர்களின் பெயர்கள் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. வைட் அவர்களுடைய பெயர்களைப் பதிவு செய்தார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயா' என்று பெயரும் சூட்டினார். அந்தப் பேரினம் பின்னாளில் வேறொன்றோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனாலும் ஐரோப்பியப் பிரபுக்களின் பெயர்கள் நிறைந்த ஒரு பட்டியலில் ஓர் இந்திய ஓவியரின் பெயர் ஏறியது சாதாரணச் செய்தி இல்லை.

துப்பாக்கியோடு பறவை பார்த்த காலம்

இன்று பறவை பார்க்கப் போகிறவர் கழுத்தில் பைனாகுலர் தொங்கும். 1830களில் தோளில் துப்பாக்கி தொங்கியது. இதைக் கேட்டதும் கோபம் வரலாம். ஆனால் அன்றைய நிலையை யோசிக்க வேண்டும். கையில் அடக்கமான நல்ல பைனாகுலர் கிடையாது, கேமரா கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்கக் கையேடும் கிடையாது. ஒரு பறவை புதிய இனமா என்று தெரிய வேண்டுமானால் சுட்டு, தோலை உரித்துப் பதப்படுத்தி, அலகையும் இறக்கையையும் அளந்தாக வேண்டும்.

தாமஸ் ஜெர்டனும் ஒரு சர்ஜன்தான், சென்னை ராணுவத்தில். நீலகிரிக்கே உரிய பறவைகள் பலவற்றை உலகுக்கு முதலில் விவரித்தவர் அவர். கருப்பும் ஆரஞ்சும் கலந்த சின்ன ஈப்பிடிப்பானையும், நீலகிரிச் சிரிப்பானையும் 1839-ல் விவரித்தார். சிரிப்பானுக்கு அவர் வைத்த லத்தீன் பெயரான 'கேகினன்ஸ்' என்பதற்கு வாய்விட்டுச் சிரிப்பது என்று பொருள். காலை வேளையில் சோலை ஓரத்தில் நான்கைந்து சிரிப்பான்கள் ஒன்றையொன்று கூப்பிடுவதைக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும். 1862 முதல் 1864 வரை வெளிவந்த அவருடைய 'இந்தியப் பறவைகள்' நூல் அந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது.

அதிகம் பேசப்படாத இன்னொருவர் மார்கரெட் காக்பர்ன் (1829–1928). சேலத்தில் பிறந்து கோத்தகிரியில் வாழ்ந்தவர். அப்பா சேலம் கலெக்டராக இருந்தவர். மார்கரெட் மலையின் பறவைகளையும் பூக்களையும் வண்ணத்தில் வரைந்தார். எந்தப் பறவை எந்த மாதம் கூடு கட்டுகிறது, எத்தனை முட்டை இடுகிறது என்று குறித்து வைத்தார். 'இந்தியப் பறவைகளின் கூடுகளும் முட்டைகளும்' என்ற புகழ்பெற்ற நூலை ஆலன் ஹ்யூம் (ஆம், காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹ்யூம்தான்!) எழுதியபோது இவருடைய குறிப்புகளைப் பயன்படுத்திக்கொண்டார். சங்கங்களும் பதவிகளும் ஆண்களுக்கே இருந்த காலத்தில், ஒரே மலையில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து கவனித்ததுதான் அவருடைய பலம்.

இங்கே ஒரு சின்ன விஷயம். சோலையில் வாழும் சிரிப்பானுக்கு 1839-லேயே பெயர் கிடைத்துவிட்டது. திறந்த புல்வெளியில் தரையில் ஓடித்திரிந்து, புல்லுக்குள்ளேயே கூடு கட்டும் நீலகிரி நெட்டைக்காலி என்ற பழுப்புக் குருவிக்கு, இன்று வழங்கும் அறிவியல் பெயர் 1885-ல்தான் வந்தது. நிறமோ பாட்டோ கவர்ச்சியாக இல்லாத குருவி அது. புல்லைப் போலவே!

கணக்கேட்டில் ஒரு பூஜ்யம்

இனி கதையின் வேறு பக்கம். குளிர் ஊரில் வீட்டுக்கு வீடு கணப்பு எரிய வேண்டும். விறகுக்கு முதலில் சோலைகளை வெட்டினார்கள். சோலை மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. வெட்டிய வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. 1870-ல் உதகை சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகரமே ஆகிவிட்டது. கூட்டம் கூடக்கூட விறகுத் தட்டுப்பாடும் கூடியது.

தீர்வு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. வாட்டில் மரமும் யூகலிப்டஸும். உள்ளூரில் முன்னதற்குச் சீகை என்றும், பின்னதற்குக் கற்பூர மரம் என்றும் பெயர். 1830களிலும் 1840களிலும் தோட்டத்து அலங்காரமாக வந்த இவை குளிரிலும் கிடுகிடுவென்று வளர்வதைப் பார்த்து, பின்னர் அரசே நட ஆரம்பித்தது. எங்கே நடுவது? காலியாக இருந்த இடத்தில். காலி இடம் எது? புல்வெளி!

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். வருவாய்த்துறைக் கணக்கில் ஒரு நிலத்துக்கு மதிப்பு அது தரும் வரியில் இருக்கிறது. உழுத நிலத்துக்கு வரி உண்டு. மரக்காட்டுக்கு மரத்தின் விலை உண்டு. எருமை மேயும் மலைச்சரிவுக்கு? தரிசு. 1860களில் தரிசு நிலங்களைத் தோட்டப் பயிருக்குக் கொடுக்கும் விதிகள் வந்தன. காபி, தேயிலை, சின்கோனா என்று மலை பங்கு போடப்பட்டது. 1882-ல் சென்னை வனச்சட்டம் வந்தது. தோடர்கள் தலைமுறை தலைமுறையாக மேய்த்த புல்வெளிகளில் பெரும்பகுதி காப்புக்காடு ஆயிற்று. காய்ந்த புல்லைக் கொளுத்திப் புதுப்புல் துளிர்க்க வைக்கும் அவர்களுடைய வழக்கம் காப்புக்காட்டில் குற்றமாயிற்று.

அந்தக் கணக்கேட்டில் எழுதப்படாதவை என்னென்ன? ஓடையில் கோடையிலும் ஓடிய தண்ணீர், வரையாடு, நெட்டைக்காலி, குறிஞ்சி, தோடர்களின் கூரைப் புல். இவை எதற்கும் வரவுப் பக்கத்தில் இடம் இல்லை. அதனால் இவை போனபோது செலவுப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. நட்டம் நடந்தது, கணக்கில் மட்டும் லாபம் தெரிந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆஸ்திரேலிய மரத்தின் இலையில் எடுத்த எண்ணெய் "நீலகிரித் தைலம்" ஆகிவிட்டது. இந்தியிலும் கன்னடத்திலும் அந்த மரத்துக்கே "நீலகிரி" என்றுதான் பெயர். மலைக்கு வந்த விருந்தாளி மலையின் பெயரையே எடுத்துக்கொண்டது!

அறிவியலும் தவறாகப் பார்த்தது

புல்லை யாருமே பார்க்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். சென்னை மாநிலக் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் ஃபைசன், நீலகிரி, பழனி மலைகளில் 6,500 அடிக்கு மேலே வளரும் செடிகளுக்கென்றே 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அதற்குப் படம் வரைந்தவர்களில் அவர் மனைவியும் ஒருவர். 1921-ல் கே. ரங்காச்சாரி தென்னிந்தியப் புற்களுக்கென்றே தனிக் கையேடு எழுதினார். தனித்தனிப் புல் இனங்கள் எல்லாம் கவனமாகப் பெயரிடப்பட்டன.

தவறியது வேறு இடத்தில். இந்தப் புல்வெளி எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பலரும் சொன்ன பதில்: முன்பு எல்லாம் காடாக இருந்தது, மலைவாசிகள் வெட்டியும் கொளுத்தியும் மேய்த்தும் புல்வெளி ஆக்கிவிட்டார்கள். இந்தப் பதில் நிர்வாகத்துக்கு வசதியாக இருந்தது. புல்வெளி என்பது கெட்டுப்போன காடு என்றால், அதில் மரம் நடுவது கெட்டதைச் சரிசெய்யும் நல்ல காரியம் ஆகிவிடுகிறது அல்லவா?

1993-ல் இதற்கு ஒரு தெளிவான மறுப்பு வந்தது. சுகுமார் முதலிய ஆய்வாளர்கள் நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த கருப்பு மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறுவேறு. அதனால் பழைய மண்ணில் உள்ள கார்பனின் வகைகளைக் கணக்கிட்டால், அது மரத்திலிருந்து வந்ததா புல்லிலிருந்து வந்ததா என்று சொல்லிவிடலாம். கிடைத்த பதிவு சுமார் 20,000 ஆண்டுகளுக்கு நீண்டது. தட்பவெப்பம் வறண்டபோது புல் முன்னேறியிருக்கிறது. ஈரம் கூடியபோது மரம் முன்னேறியிருக்கிறது. அதாவது, எருமையும் கோடரியும் மலைக்கு வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே அங்கே புல்வெளி இருந்தது. தோடர்கள் மீது சுமத்தப்பட்ட பழி அத்தோடு ஆட்டம் கண்டது.

சுதந்திரத்துக்குப் பிறகும்

வெள்ளைக்காரர் போனதும் நிலைமை மாறியிருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். புல்வெளியில் மரம் நடுவது பிந்தைய ஆண்டுகளில் வேகம் பிடித்தது. சீகை மரப்பட்டை தோல் பதனிட. யூகலிப்டஸ் மேட்டுப்பாளையம் பக்கத்துச் செயற்கை இழை ஆலைக்கு. நாட்டுக்குத் தொழில் வேண்டும், அந்நியச் செலாவணி மிச்சமாக வேண்டும் என்பது அன்றைய நியாயம். அதை முழுவதும் குறை சொல்லவும் முடியாது. ஆனால் நிலத்தைப் பற்றிய பழைய கணக்கேடே தொடர்ந்தது. வனத்தின் முதல் நோக்கம் சூழல் பாதுகாப்பு, வருமானம் அதற்கு அடுத்ததுதான் என்று தேசிய வனக்கொள்கை தெளிவாகச் சொன்னது 1988-ல்தான்.

அதற்குள் என்ன ஆயிற்று? பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று, நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த உயர்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. காரணம் மரத்தோட்டங்களும் விவசாயமும். நெட்டைக்காலியின் வாழிடம் முன்பு நினைத்ததைவிடச் சுருங்கிவிட்டது என்று 2014-ல் ஒரு ஆய்வு சொன்னது. மரம் குறைந்தால் எல்லோரும் கவலைப்படுகிறோம். இங்கே மரம் கூடியதால் ஒரு நிலமே மறைந்தது. படத்தில் பச்சை நிறம் கூடிக்கொண்டே போனதால் யாருக்கும் உறுத்தவில்லை.

பார்வை மாறிய விதம்

நல்ல செய்திகளும் இருக்கின்றன. பறவை பார்ப்பவர் கையிலிருந்து துப்பாக்கி இறங்கி பைனாகுலர் ஏறியதில் சாலிம் அலிக்குப் பெரிய பங்கு உண்டு. 1941-ல் வந்த அவருடைய 'இந்தியப் பறவைகள்' கையேடு, சாதாரண மனிதரும் பறவையைக் கொல்லாமல் இனம் காண முடியும் என்று காட்டியது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழில் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டையும் பறவையையும் பற்றிக் கறாரான, அழகான உரைநடையில் எழுதினார். 1950-லிருந்து இறக்கும் வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கைப் பத்தியும் எழுதினார். அழகுக்காக வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதை அவர் விடாமல் கண்டித்தவர்.

1986-ல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி அறிவிக்கப்பட்டது. வரையாடுகள் வாழும் முக்கூர்த்தி 1990-ல் தேசியப் பூங்கா ஆனது. 2006-ல் குறிஞ்சி பூத்தபோது அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. அதே ஆண்டில் கேரள அரசு இடுக்கி மாவட்டத்தில் 3,200 ஹெக்டேர் நிலத்தைக் குறிஞ்சிமலை சரணாலயம் என்று அறிவித்தது. ஒரு பூவைக் காக்க வேண்டுமானால் அது வளரும் புல்வெளியைக் காக்க வேண்டும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

2017-ல் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகள் தனித்தனித் தீவுகள் போன்றவை. நடுவில் கடல் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் போன்ற வெப்பமான தாழ்நிலம் இருக்கிறது. சோலைப் பறவைகள் அதைக் கடப்பதில்லை. அதனால் ஒவ்வொரு மலைத்தொகுதியிலும் தனித்தனி இனங்களாகப் பிரிந்துவிட்டன. மரபணுவை ஆராய்ந்த ராபின், விஷ்ணுதாஸ், உமா ராமகிருஷ்ணன் முதலியோர், சிரிப்பான்களும் சோலைத்தரையில் திரியும் சின்ன நீலக் குருவிகளும் வேறெங்கும் இல்லாத இரண்டு தனிப் பேரினங்கள் என்று நிறுவினார்கள். நீலக் குருவிகளின் பேரினத்துக்கு வைத்த பெயர் 'ஷோலிகோலா'. சோலையில் வாழ்வது என்று பொருள். நம்முடைய "சோலை" அறிவியல் பெயரிலேயே ஏறிவிட்டது. ஜெர்டன் துப்பாக்கியால் எடுத்து அளந்து பெயரிட்ட பறவைக்கு, 178 ஆண்டுகள் கழித்து ஒரு சொட்டு ரத்தத்தில் புது அடையாளம் கிடைத்தது.

அழித்ததைத் திருப்ப முடியுமா?

இப்போது சில இடங்களில் சீகை மரங்களை அகற்றிவிட்டுப் புல்லை மீட்கும் வேலை நடக்கிறது. புல் நாற்றங்கால்கள் வைத்து, உள்ளூர்ப் புல் இனங்களை ஒவ்வொரு கொத்தாக நடுகிறார்கள். இது சுலபம் இல்லை. சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, மரத்தை வெட்டி வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால் வரப்போகும் சோலையும் சேர்ந்து போய்விடும். எந்த இடத்தில் வெட்டுவது, எந்த இடத்தில் சும்மா விடுவது என்று சரிவு சரிவாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இருநூறு ஆண்டுகளாகப் பார்க்காமல் விட்ட நிலத்தை இப்போது அடி அடியாகப் பார்க்கும்படி ஆகிவிட்டது. எந்தப் புல் எங்கே வளரும், எந்த ஓடை எப்போது வற்றும் என்று அறிந்த தோடர்களின் அறிவு இப்போது தேவைப்படுகிறது.

2018-ல் மூணாறு பகுதியில் குறிஞ்சி பூத்த ஆண்டு கேரளத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. பூப் பார்க்கத் திட்டமிட்டிருந்த பலர் போக முடியவில்லை. மூணாறு, கொடைக்கானல் பகுதிகளில் அடுத்த பெரிய பூப்பு 2030-ல். அன்று பூக்கப்போகும் செடிகள் எல்லாம் இப்போது பூவே இல்லாமல், பார்க்க ஒன்றுமில்லாத வெறும் பச்சைப் புதராக மலைச்சரிவுப் புல்லில் நின்றுகொண்டிருக்கின்றன. அடுத்த முறை மலைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு அந்தச் சரிவையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வரலாம். நடந்து பார்ப்பதானால் ஒன்று மட்டும்: புல்லுக்குள் நெட்டைக்காலியின் கூடு இருக்கலாம், பார்த்துக் கால் வையுங்கள்!